இறந்தோரை எண்ணிய விஞ்ஞானி: பேராசிரியர் மக்கோபாவின் பொதுவாழ்வு

தென்னாப்பிரிக்காவின் கௌட்டெங் மாகாணத்தில் அரசின் பராமரிப்பில் இருந்த மனநோயாளிகளில் 94 பேர் ஒன்பது மாத காலத்துக்குள் உயிரிழந்தனர் என்ற அறிக்கை 2017ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் தேதி வெளியானது. அதற்கு நான்கரை மாதங்களுக்கு முன்னர் மாகாண சுகாதார அமைச்சர் மாகாண சட்டமன்றத்தில் தெரிவித்திருந்த எண்ணிக்கை 36 மட்டுமே. அறிக்கையைத் தயாரித்தவர் அந்நாட்டின் முதலாவது சுகாதாரக் குறைகேள் அதிகாரி, பேராசிரியர் மலெகாபுரு வில்லியம் மக்கோபா.

அரசு சொல்லும் எண்ணிக்கை ஒன்றாகவும், இவர் வெளியிடும் எண்ணிக்கை வேறொன்றாகவும் இருந்தது அது முதல் முறையல்ல. 2001ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தபோது, எய்ட்ஸ் நோயால் நாட்டில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற கணக்கை அரசின் விருப்பத்துக்கு மாறாக அவரது மன்றம் வெளியிட்டது. இந்த இரு அறிக்கைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பெரும்பகுதியை அவர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகக் கழித்தார்.

ஆராய்ச்சி, பல்கலைக்கழகத் தலைமை, பொதுநலப் பணி ஆகிய மூன்றும் ஒருவரது வாழ்வில் இணைவது அரிது. இணையும்போது அவை ஒன்றுக்கொன்று துணைநிற்கும் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அவை ஒன்றோடொன்று மோதவும் கூடும் என்பதை மக்கோபாவின் வாழ்க்கை காட்டுகிறது. அதிகாரத்தின் முன் உண்மையை எடுத்துரைத்தவர் என்று அவரைப் பாராட்டுவோர் உண்டு. தாமே அதிகாரத்தில் இருந்தபோது மாற்றுக் கருத்தைச் சகிக்காதவர் என்று குறைகூறுவோரும் உண்டு. இரு தரப்பிடமும் ஆதாரங்கள் இருக்கின்றன.

ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய பயணம்

மக்கோபா 1952ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி, இன்றைய லிம்போப்போ மாகாணத்தைச் சேர்ந்த செகுகுனே பகுதியில் பிறந்தார். நிறவெறிச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயற்றப்பட்டு வந்த காலம் அது. 1959இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவுகளைக் கறுப்பின மாணவர்களுக்கு ஏறக்குறைய முழுமையாக அடைத்தது.

மருத்துவம் பயில விரும்பிய கறுப்பின இளைஞர்களுக்கு எஞ்சியிருந்த மிகச் சில வழிகளில் ஒன்று, டர்பனில் நட்டால் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கிய மருத்துவக் கல்லூரி. வெள்ளையர் அல்லாதோருக்கென 1951இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரியில் ஆப்பிரிக்கர், இந்திய வம்சாவளியினர், கலப்பினத்தவர் ஆகியோர் ஒன்றாகப் பயின்றனர். கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தின் தலைவர் ஸ்டீவ் பிக்கோ படித்ததும் அங்குதான். மக்கோபா 1976இல் அங்கு மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர் பிரிட்டன் சென்ற அவர், ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனித நோயெதிர்ப்பு மரபியலில் ஆய்வு செய்து 1983இல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனங்களிலும், லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையோடு இணைந்த அரச முதுநிலை மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார்.

அவரது அறிவியல் பங்களிப்பில் குறிப்பிடத்தக்கது 1988இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் அவரே. உடலின் காவல் அணுக்களான டி அணுக்கள் தமது பணியைச் செய்ய வேண்டுமானால் முதலில் மற்ற அணுக்களோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அவ்வாறு ஒட்டுவதற்கு டி அணுவின் மேற்பரப்பில் உள்ள எல்.எஃப்.ஏ.-1 என்ற புரதம், எதிர்ப்பக்க அணுவில் உள்ள ஐ.சி.ஏ.எம்.-1 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்பதை அக்கட்டுரை எடுத்துக்காட்டியது. பூட்டும் சாவியும் போன்ற இந்தப் பிணைப்பைப் புரிந்துகொள்வது, அழற்சி நோய்களையும் உறுப்பு மாற்றுச் சிகிச்சையையும் ஆராய்வோருக்கு முக்கியமானதாக அமைந்தது.

நோயெதிர்ப்பு அணுக்களின் இயக்கத்தை ஆராய்ந்து கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்த அணுக்களையே அழிக்கும் எச்.ஐ.வி. கிருமி அவரது தாயகத்தில் பரவத் தொடங்கியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவமனைகளுக்கு வரும் கர்ப்பிணிகளில் 1990இல் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரிடமே இத்தொற்று காணப்பட்டது. 2000இல் அது 24.5 வீதமாக உயர்ந்தது. குவாசூலு-நட்டால் மாகாணத்தில் மட்டும் 36.2 வீதம்.

தாயகம் திரும்பியதும் எழுந்த சர்ச்சை

1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் அனைத்து இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடைபெற்றது. அதே ஆண்டின் பிற்பகுதியில் மக்கோபா தாயகம் திரும்பி, ஜொஹானஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் பிரதித் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். தாராளவாதப் பாரம்பரியம் கொண்டது எனப் பெருமை பேசிய அப்பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களில் மிகப் பெரும்பான்மையோர் வெள்ளையர்களாகவே இருந்தனர்.

அடுத்த ஆண்டே மூத்த கல்வியாளர்கள் 13 பேர் அவர்மீது குற்றச்சாட்டுகளை முன்வைத்தனர். தமது தகுதிகளை மிகைப்படுத்திக் காட்டினார் என்றும், நிர்வாகத் திறன் அற்றவர் என்றும் அவர்கள் கூறினர். மக்கோபா அவற்றை மறுத்தார். இது மாற்றத்தை விரும்பாதோரின் இனவாத எதிர்ப்பு என்றார். குற்றம் சாட்டியவர்களின் பணிக்கோப்புகளில் இருந்த தகவல்களைப் பயன்படுத்தி எதிர்க் குற்றச்சாட்டுகளையும் சுமத்தினார்.

மாதக்கணக்கில் நாட்டின் ஊடகங்களை நிறைத்த அந்தத் தகராறு 1996இல் சமரசத்தில் முடிந்தது. மக்கோபா நிர்வாகப் பதவியை விட்டு விலகி ஆய்வுப் பணிக்குத் திரும்பினார். தம் தரப்பு நியாயங்களை விளக்கி 1997இல் ஒரு நூலும் எழுதினார். ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம் ஆப்பிரிக்கரின் வரலாற்றையும் தேவைகளையும் மையமாகக் கொள்ள வேண்டும் என்ற கோட்பாட்டின் முன்னணிக் குரலாக அவர் அறியப்பட்டது இக்காலத்தில்தான்.

அப்போது துணை அதிபராக இருந்த தாபோ இம்பெக்கி ஆப்பிரிக்க மறுமலர்ச்சி என்ற சிந்தனையை முன்னெடுத்து வந்தார். அது குறித்து 1999இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பின் பதிப்பாசிரியர் மக்கோபா. முன்னுரை எழுதியவர் இம்பெக்கி. இருவரும் ஒரே கருத்தியல் முகாமைச் சேர்ந்தவர்களாகவே பார்க்கப்பட்டனர். அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி அவசியம்.

எய்ட்ஸ் மறுப்பும் டர்பன் பிரகடனமும்

மக்கோபா 1999இல் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. எய்ட்ஸ் தடுப்பூசிக்கான தேசிய ஆய்வுத் திட்டம் அந்த ஆண்டு அம்மன்றத்தின் கீழ் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் இம்பெக்கி நாட்டின் அதிபரானார்.

எய்ட்ஸ் நோய்க்கு எச்.ஐ.வி. கிருமி காரணமா என்று அதிபர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பத் தொடங்கினார். வறுமையும் ஊட்டச்சத்துக் குறைவுமே ஆப்பிரிக்கர்களின் நோய்க்கு அடிப்படை என்ற கருத்தை அவர் வலியுறுத்தினார். எய்ட்ஸ் பற்றிய மேற்குலகின் பேச்சில் ஆப்பிரிக்கரை இழிவுபடுத்தும் தொனி இருப்பதாகவும், சிகிச்சைக்கான மருந்துகள் நஞ்சாகக் கூடியவை என்றும் அவர் கருதினார். எச்.ஐ.வி.யின் பங்கை மறுக்கும் சிலரையும் ஏற்கும் விஞ்ஞானிகளையும் ஒரே மேசையில் அமர்த்தும் ஆலோசனைக் குழு ஒன்றை 2000 மே மாதம் அவர் கூட்டினார். அக்குழுவில் மக்கோபாவும் இடம்பெற்றார்.

அதே மாதத்தில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் மக்கோபா எழுதிய தலையங்கம் வெளியானது. போலி அறிவியலின் ஆபத்து என்பதே அதன் பொருள். காலனியத்தின் வடுக்கள் பற்றிய இம்பெக்கியின் கவலையை அவர் நிராகரிக்கவில்லை. ஆனால் அந்தக் கவலையைக் காரணம் காட்டி, நிறுவப்பட்ட அறிவியல் உண்மையை மறுப்பது ஆப்பிரிக்க மக்களையே பலிகொள்ளும் என்று எச்சரித்தார்.

2000 ஜூலையில் 13ஆவது சர்வதேச எய்ட்ஸ் மாநாடு டர்பனில் கூடியது. வளரும் நாடொன்றில் இம்மாநாடு நடந்தது அதுவே முதல் முறை. மாநாட்டையொட்டி 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான டர்பன் பிரகடனத்தில் 5,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையொப்பமிட்டிருந்தனர். எய்ட்ஸ் நோயை உண்டாக்குவது எச்.ஐ.வி.யே என்பதற்கான ஆதாரம் தெளிவானது, ஐயத்துக்கு இடமற்றது என்று அப்பிரகடனம் கூறியது. அதை முன்னின்று ஆதரித்த தென்னாப்பிரிக்கர்களில் மக்கோபா ஒருவர். அரச நிதியில் இயங்கும் மன்றத்தின் தலைவர், அரசுத் தலைவரின் நிலைப்பாட்டை மறுக்கும் ஆவணத்தின் பக்கம் நின்றார்.

வெள்ளையின விஞ்ஞானி ஒருவரது எதிர்ப்பைக் காலனிய மனப்பான்மை என்று அரசு எளிதில் ஒதுக்கியிருக்க முடியும். அரசின் நண்பராகவும் ஆப்பிரிக்கத்துவச் சிந்தனையாளராகவும் அறியப்பட்டவரிடமிருந்து வந்த எதிர்ப்பை அவ்வாறு ஒதுக்குவது கடினமாயிற்று.

எண்ணிக்கையின் அரசியல்

2001இல் விவாதம் நோயின் காரணத்திலிருந்து நோயின் அளவுக்கு நகர்ந்தது. எய்ட்ஸ் நாட்டின் முதன்மையான மரணக் காரணம் அல்ல என்ற வாதத்துக்கு ஆதாரமாக, 1995ஆம் ஆண்டுக்குரிய உலக சுகாதார நிறுவனத்தின் பழைய புள்ளிவிவரங்களை இம்பெக்கி சுட்டிக்காட்டினார். சுகாதாரச் செலவின் முன்னுரிமைகள் சரிதானா என ஆராயுமாறு சுகாதார அமைச்சர் மான்டோ சபலாலா-இம்சிமாங்குக்கு அவர் எழுதிய கடிதம் செய்தித்தாளில் வெளியானது. மரணக் கணக்கு, மருந்துக்குப் பணம் ஒதுக்குவதா என்ற கேள்வியோடு நேரடியாகப் பிணைந்துவிட்டது.

மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வாளர்களும் கேப் டவுன் பல்கலைக்கழக மக்கள்தொகைக் கணிப்பாளர்களும் அந்நேரத்தில் வேறொரு வழியில் கணக்கிட்டிருந்தனர். இறப்புச் சான்றிதழ்களில் எய்ட்ஸ் என்ற சொல் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. காசநோய் என்றோ நிமோனியா என்றோதான் எழுதப்படும். எனவே சான்றிதழில் உள்ள காரணத்தை நம்பாமல், எந்த வயதினர் எவ்வளவு பேர் இறக்கிறார்கள் என்பதை மக்கள் பதிவேட்டிலிருந்து அவர்கள் ஆராய்ந்தனர்.

வழமையாக முதியோரிடையேதான் மரணம் அதிகம். ஆனால் தென்னாப்பிரிக்கப் பதிவேட்டில் இளம் பெண்களின் மரணம் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. 25 முதல் 29 வயது வரையான பெண்களின் இறப்பு விகிதம் 1985ஆம் ஆண்டைவிட மூன்றரை மடங்காகியிருந்தது. அந்த வயதுப் பெண்களை அத்தனை வேகமாகக் கொல்லக்கூடிய காரணம் எச்.ஐ.வி.யைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதே ஆய்வாளர்களின் முடிவு. 2000ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயது வரையானோரின் மரணங்களில் சுமார் 40 வீதம் எய்ட்ஸால் நிகழ்ந்தவை என்றும், தடுப்பு நடவடிக்கை இல்லையேல் 2010க்குள் 50 முதல் 70 இலட்சம் பேர் வரை இறக்கக் கூடும் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர்.

அறிக்கையை வெளியிடுவதைத் தாமதப்படுத்த அரசு தரப்பு முயன்றது. அதற்குள் அதன் விவரங்கள் பத்திரிகைகளுக்குக் கசிந்தன. 2001 அக்டோபரில் மன்றம் அறிக்கையை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. ஆய்வாளர்களின் முறைகளையும் முடிவுகளையும் மக்கோபா பகிரங்கமாக ஆதரித்தார். மறு ஆண்டில் அவர் மன்றத்திலிருந்து விலகி, நட்டால் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

அறிக்கை ஒன்றினால் மட்டும் கொள்கை மாறிவிடவில்லை. தாயிடமிருந்து சிசுவுக்குத் தொற்று பரவாமல் தடுக்கும் நெவிரப்பின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் வழங்குமாறு அரசியல் சாசன நீதிமன்றம் 2002 ஜூலையில் உத்தரவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தது சிகிச்சைக்கான செயற்பாட்டு இயக்கம் என்ற மக்கள் அமைப்பு. 2003 நவம்பரில்தான் ஏ.ஆர்.வி. மருந்துகளைப் பரவலாக வழங்கும் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

தாமதத்தின் விலையை ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டனர். 2000 முதல் 2005 வரையான காலத்தில் உரிய நேரத்தில் மருந்து வழங்கியிருந்தால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் காக்கப்பட்டிருக்கும் என்பது அவர்களது முடிவு. மருந்து பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 2005இல் 54 ஆக இருந்த சராசரி ஆயுட்காலம் 2011இல் 60 ஆண்டுகளாக உயர்ந்தது.

டர்பனில் உருவான புதிய பல்கலைக்கழகம்

2004 ஜனவரி முதலாம் தேதி நட்டால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் இணைக்கப்பட்டு குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் உருவானது. நிறவெறிக் காலத்தில் இனவாரியாகப் பிரிக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களை ஒன்றிணைக்கும் தேசியத் திட்டத்தின் பகுதி இது. ஐந்து வளாகங்கள் கொண்ட புதிய பல்கலைக்கழகத்தை மக்கோபா 2015 வரை வழிநடத்தினார்.

இந்த இணைப்பு உலகத் தமிழர்களோடும் தொடர்புடையது. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கியது தென்னாப்பிரிக்க இந்தியரின் வரலாறு. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தோரில் தமிழர் பெருந்தொகையினர். அவர்களது சந்ததியினருக்கென நிறவெறி அரசு 1961இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியைத் தொடங்கியது. பழைய படைமுகாம் கட்டடங்களில் இயங்கிய அக்கல்லூரிக்கு மாணவர்கள் படகில் சென்று வந்தனர். பின்னர் அது வெஸ்ட்வில் குன்றுக்கு இடம்பெயர்ந்து முழுப் பல்கலைக்கழகமாயிற்று. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் அங்கு கற்பிக்கப்பட்டன.

இனப்பிரிவினையின் கருவியாக உருவாக்கப்பட்ட அந்நிறுவனம், காலப்போக்கில் நிறவெறி எதிர்ப்பின் தளங்களில் ஒன்றாக மாறியது. அதைச் சமூகத்தின் சொந்தக் கல்விக்கூடமாக நேசித்தோரும் பலர். வசதிபடைத்த நட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்வதால் தமது நிறுவனம் கரைந்துபோகும் என்ற அச்சம் வெஸ்ட்வில் தரப்பில் இருந்தது. தமது கல்வித் தரம் தாழும் என்ற அச்சம் மறுதரப்பில் இருந்தது.

மக்கோபா முன்வைத்த இலக்கு, ஆப்பிரிக்கப் புலமையின் முதன்மைப் பல்கலைக்கழகம் என்பது. அதன் வெளிப்படையான அடையாளமாக அமைந்தது மொழிக் கொள்கை. 2014ஆம் ஆண்டு முதல் புதிதாகச் சேரும் இளநிலை மாணவர்கள் அனைவரும் பட்டம் பெறுவதற்கு முன்னர் சூலு மொழியில் அடிப்படைத் தேர்ச்சி பெறவேண்டும் என்று 2013இல் அறிவிக்கப்பட்டது. மாகாணத்து மக்களில் பெரும்பான்மையோர் பேசும் மொழி தெரியாமல் ஒரு மருத்துவரோ ஆசிரியரோ எவ்வாறு பணியாற்ற முடியும் என்பது ஆதரவாளர்களின் வாதம். கட்டாயப்படுத்துவது மொழி மீதான வெறுப்பையே வளர்க்கும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். இரண்டுமே தமிழர்களுக்குப் பழக்கமான வாதங்கள்தான்.

ஆய்வின் பலன்களும் அவற்றின் எல்லையும்

எச்.ஐ.வி.யும் காசநோயும் ஒருசேரத் தாக்கிய மாகாணத்தில் இருந்த பல்கலைக்கழகம், அந்த நோய்களின் ஆய்வில் உலகக் கவனத்தைப் பெற்றது. துகேலா ஃபெரி என்ற கிராமப்புற மருத்துவமனையில், ஏறத்தாழ எல்லா மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய் 53 பேரைத் தாக்கியதையும், அவர்களில் 52 பேர் இறந்ததையும் 2006இல் வெளிப்படுத்திய ஆய்வில் அதன் மருத்துவக் கல்லூரியின் பங்கு முக்கியமானது.

பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கும் கேப்ரிசா ஆய்வு மையத்தை சலீம் அப்துல் கரீம், குவரைஷா அப்துல் கரீம் தம்பதியர் வழிநடத்தினர். பெண்கள் தாமே பயன்படுத்தக்கூடிய டெனோஃபோவிர் களிம்பு எச்.ஐ.வி. தொற்று அபாயத்தை 39 வீதம் குறைத்தது என்ற அவர்களது முடிவு 2010இல் வியன்னா மாநாட்டில் வரவேற்கப்பட்டது. அந்தப் பரிசோதனையில் பங்கேற்ற பெண்கள் 889 பேர். ஆனால் இதே களிம்பைக் கொண்டு வேறொரு குழு நடத்திய பெரிய பரிசோதனையில் அது பயனளிக்கவில்லை என்று 2015இல் தெரியவந்தது. நல்ல செய்தியைப் போலவே ஏமாற்றமும் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அதே மருந்தை வாய்வழி மாத்திரையாக உட்கொள்ளும் தடுப்பு முறை பின்னர் உலகெங்கும் பரவியது.

துணைவேந்தரும் விமர்சகர்களும்

இதே காலத்தில் பல்கலைக்கழகத்துக்குள் வேறொரு விதமான செய்திகளும் எழுந்தன. மாற்றத்தை ஏற்க மறுக்கும் வெள்ளையின ஆண் கல்வியாளர்களை, ஆதிக்கம் இழந்த பபூன் குரங்குக் கூட்டத் தலைவனோடு ஒப்பிட்டு மக்கோபா 2005இல் எழுதிய பத்திரிகைக் கட்டுரை கடும் கண்டனத்தைச் சந்தித்தது. 2006 பெப்ரவரியில் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நிர்வாகத்தின் போக்கும் அவர்களது குறைகளில் ஒன்று.

மிகவும் கவனம் பெற்ற பிணக்கு 2008இல் நிகழ்ந்தது. கல்விச் சுதந்திரம் பற்றி அறிவியல் பீடத்தினர் தயாரித்த ஆவணத்தைச் செனட் சபையின் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளாதது குறித்து, இயற்பியலாளர் நித்தாயா செட்டியும் கணிதத்துறைச் சகாவொருவரும் வெளிப்படையாகக் கருத்துக் கூறினர். பல்கலைக்கழகத்துக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதாக இருவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை தொடங்கப்பட்டது. செட்டி பதவி விலகினார். மற்றவர் நிர்வாகத்தோடு இணக்கம் கண்டார். உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் கல்வியாளர்கள் பலர் கண்டனம் தெரிவித்தனர்.

நிர்வாகத்தின் தரப்பு வாதம் வேறாக இருந்தது. கல்விச் சுதந்திரம் என்பது சக ஊழியர்களின் நேர்மை மீது ஆதாரமின்றிப் பழி கூறும் உரிமையல்ல என்று அது கூறியது. பழைய சலுகைகளை இழந்தோர் சுதந்திரம் என்ற பெயரில் மாற்றத்தை எதிர்க்கின்றனர் என்றும் துணைவேந்தரின் ஆதரவாளர்கள் கூறினர். ஆனால் நடவடிக்கைக்கு உள்ளானவர்களில் ஒருவர், நிறவெறிக் காலத்தில் ஒடுக்கப்பட்ட இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர். பழைய ஆதிக்கத்தின் எதிர்ப்பு என்ற விளக்கம் அவருக்குப் பொருந்தவில்லை.

மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தில் தமக்கு எந்த உரிமையை மக்கோபா கோரினாரோ, அதே உரிமையைத்தான் இவ்விருவரும் தம்மிடம் கோரினர் என்பதே விமர்சகர்களின் வாதத்தின் சாரம். அதற்குத் திருப்தியான விடை கிடைத்தது என்று கூறுவதற்கில்லை.

எசிடிமெனி: மீண்டும் ஒரு கணக்கு

துணைவேந்தர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற மறு ஆண்டில், 2016இல், மக்கோபா சுகாதாரக் குறைகேள் அதிகாரியாக நியமிக்கப்பட்டார். தேசிய சுகாதாரச் சட்டத்தில் 2013இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் உருவாக்கப்பட்ட சுயாதீனப் பதவி அது. ஆவணங்களைக் கோரவும் சாட்சிகளை விசாரிக்கவும் அவருக்குச் சட்டபூர்வ அதிகாரம் இருந்தது.

மனநோயாளிகளை நீண்டகாலம் பராமரித்து வந்த லைஃப் எசிடிமெனி என்ற தனியார் நிறுவனத்தோடு செய்திருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக கௌட்டெங் மாகாண சுகாதாரத் திணைக்களம் 2015 அக்டோபரில் அறிவித்தது. செலவைக் குறைப்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. மனநல மருத்துவர்களும் குடும்பத்தினரும் எச்சரித்தனர். நீதிமன்றத்தையும் நாடினர். எனினும் 2016இன் முற்பகுதியில் நோயாளிகள் அவசர அவசரமாக இடம் மாற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

நடந்தது என்ன என்று விசாரிக்குமாறு மத்திய சுகாதார அமைச்சர் ஆரன் மொட்சொலேடி குறைகேள் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டார். நோயாளிகளைப் பெற்றுக்கொண்ட 27 தொண்டு நிறுவனங்களில் எதற்கும் செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்று விசாரணை கண்டறிந்தது. நோயாளிகள் சிலரது மருத்துவக் குறிப்புகளும் அடையாள விவரங்களும்கூட அவர்களோடு அனுப்பப்படவில்லை. பசியும் நீரிழப்பும் குளிரும் கவனிப்பின்மையும் பற்றிய சாட்சியங்கள் அறிக்கையில் இடம்பெற்றன. 94 என்ற எண்ணிக்கையே இறுதியானதல்ல, மேலும் உயரும் என்றும் அறிக்கை முன்கூட்டியே கூறியது. அது வெளியாவதற்கு முன்தினம் மாகாண சுகாதார அமைச்சர் கெடானி மஹ்லாங்கு பதவி விலகினார்.

அறிக்கையின் பரிந்துரைப்படி குடும்பத்தினருக்கும் அரசுக்கும் இடையே நடுவர் விசாரணை நடந்தது. ஓய்வுபெற்ற பிரதித் தலைமை நீதியரசர் டிக்காங் மொசெனெக்கே 2018 மார்ச்சில் வழங்கிய தீர்ப்பில், இறந்தோர் எண்ணிக்கை 144 என்று பதிவானது. உரிமைகோரிய குடும்பங்களுக்குத் தலா 12 இலட்சம் ரான்ட் வழங்க உத்தரவிடப்பட்டது. 2024 ஜூலையில் முடிவடைந்த மரண விசாரணையில், ஒன்பது நோயாளிகளின் மரணத்துக்கு முன்னாள் அமைச்சர் மஹ்லாங்குவும் மாகாண மனநலப் பிரிவின் முன்னாள் தலைவரும் காரணமாக அமைந்தனர் என நீதிமன்றம் முடிவு செய்தது.

36 என்ற எண் 94 ஆகி, பின்னர் 144 ஆகியது. ஒவ்வொரு முறையும் எண் உயர்ந்ததற்குக் காரணம் புதிய மரணங்கள் மட்டுமல்ல. அதுவரை எவரும் தேடிப் பார்க்காத மனிதர்களை யாரோ தேடினார்கள் என்பதும் ஒரு காரணம்.

தனிமனிதரும் நிறுவனமும்

மக்கோபாவின் ஏழாண்டுப் பதவிக்காலம் 2023இல் நிறைவுற்றது. அதற்கிடையே 2020 முதல் 2022 வரை அரச மின்வாரியமான எஸ்கொமின் இடைக்காலத் தலைவராகவும் இருந்தார்.

இரு பெரும் அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். 2001இல் அரசு அதிபரின் கருத்துக்கு முரணான கணக்கை வெளியிடும் சுமை, அரச நிதியை நம்பியிருந்த ஒரு மன்றத்தின் மீதும் அதன் தலைவரின் தனிப்பட்ட துணிவின் மீதும் விழுந்தது. அறிக்கையின் தாக்கம் கொள்கையாக மாற ஈராண்டுகளும் ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் மக்கள் போராட்டமும் தேவைப்பட்டன. 2017இல் அதே மனிதருக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. விசாரணையைத் தொடங்கிய சில மாதங்களிலேயே அறிக்கை வெளியானது. பொறுப்பானவர் பதவி இழந்தார். குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைத்தது.

பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். அங்கு துணைவேந்தரின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர்களுக்குக் குறைகேள் அதிகாரிக்கு இருந்ததைப் போன்ற சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை. அவர்கள் நிர்வாகத்தின் நல்லெண்ணத்தையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. நல்லெண்ணம் தீர்ந்த இடத்தில் ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. உண்மைக்காக ஒரு முறை துணிந்து நின்றவர் என்பதால், அவரது நிர்வாகத்தில் மற்றவர்களின் துணிவு பாதுகாக்கப்படும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதையே இது உணர்த்துகிறது.

போரிலோ பேரிடரிலோ தமது உறவுகளை இழந்து, இறந்தோரின் எண்ணிக்கை பற்றிய முடிவற்ற சர்ச்சைகளுக்கு நடுவே வாழும் சமூகங்கள் பல இருக்கின்றன. அவற்றுக்குத் தென்னாப்பிரிக்க அனுபவம் தரும் பாடம் தெளிவானது. நேர்மையான விஞ்ஞானிகள் அவசியம். அவர்கள் எண்ணுவதற்கும் எண்ணியதை வெளியிடுவதற்கும் உரிமை தரும் சட்டமும், அந்தச் சட்டத்தை அரசு மீறும்போது தட்டிக்கேட்கும் நீதிமன்றமும் அதே அளவு அவசியம்.

எசிடிமெனியில் இறந்தோரின் குடும்பத்தினர் இன்று சுட்டிக்காட்டக்கூடிய ஓர் ஆவணம் இருக்கிறது. எப்போது, எங்கே, யாருடைய பொறுப்பில் இருக்கையில் தமது உறவினர் உயிரிழந்தார் என்று அது கூறுகிறது. ஒரு விஞ்ஞானியின் பொதுநலப் பணி எதுவென்று கேட்டால், மக்கோபாவின் வாழ்வைப் பொறுத்தவரை, குறை நிறைகள் அனைத்தையும் கழித்த பின்னரும் எஞ்சுவது அந்த ஆவணம்தான்.